தந்தத்தில் எழுதிய முகம்

நெற்றிப் பொட்டில் பூசியிருந்த பவுடரின் நிறம் சரியில்லை என்று மீனாக்ஷிக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. வெள்ளைக்காரப் பிணங்களுக்கு என்று வைத்திருக்கும் ரோஸ் நிறத்தை அப்பியிருந்தார்கள். அதன் அடியிலிருந்து நீலம் கசிந்து, பத்மநாபனின் இடது பக்க முகம் மழையில் நனைந்த சுவர் போல் இருந்தது.

ஃப்யூனரல் ஹோம்காரர் கையில் பஞ்சுடன் பக்கத்திலேயே நின்றார். தன்னால் முடிந்ததைச் செய்திருப்பதாகவும், இந்திய நிறத்தில் தன்னிடம் அதிகம் இல்லை என்றும் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்.

"முதலில் மஞ்சள் போட வேண்டும்," என்று மீனாக்ஷி ஆங்கிலத்தில் சொன்னாள். "நீலத்துக்கு மேல் மஞ்சள். அது காய்ந்த பிறகுதான் தோல் நிறம்."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன ட்யூபையும் காம்பாக்ட்டையும் எடுத்துவிட்டாள். ஈரப் பஞ்சால் ரோஸ் நிறத்தைத் துடைத்தாள். அடிபட்ட இடம் முழுசாக வெளியே வந்தது. பொட்டிலிருந்து காது மடல் வரை கருநீலம். அதன் மேல் மோதிர விரலால் மஞ்சளை ஒற்றி ஒற்றி வைத்தாள். தேய்த்தால் திட்டுத் திட்டாகும் என்பது அவளுக்குத் தெரியும். கணவனின் முகத்தை இவ்வளவு நேரம் பயமில்லாமல் தொட்டது இதுதான் முதல் தடவை.

பக்கத்தில் ஜலஜா மாலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பத்மநாபனோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் டாக்டரின் மனைவி. பிரிட்ஜ்வாட்டரில் இரண்டு தெரு தள்ளி வீடு.

"விடு மீனா. அவா பாத்துப்பா."

"அவாளுக்குத் தெரியல ஜலஜா."

"உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

மீனாக்ஷி ட்யூபின் மூடியைத் திருகினாள். பாதிக்கு மேல் தீர்ந்து, அடியிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்த ட்யூப். ஜலஜாவின் பார்வை ட்யூபிலிருந்து நகர்ந்து, புடவைக்குள் மீனாக்ஷி போட்டுக்கொண்டிருந்த கழுத்து மூடிய ஸ்வெட்டருக்கு வந்தது. கோடைக்கால பார்ட்டிகளில்கூட முழுக்கை ரவிக்கை போடும் மீனாக்ஷியை ஜலஜா வருஷக்கணக்காகக் கேலி செய்திருக்கிறாள். இப்போது ஏதோ கேட்க வாயைத் திறந்தவள், கேட்காமலேயே மாலைக்குத் திரும்பிக்கொண்டாள்.

அந்த பார்ட்டிகளில் பத்மநாபன் பேசுவதைக் கேட்கவென்றே வருகிறவர்கள் இருந்தார்கள். ரேடியாலஜிஸ்ட். லண்டனில் படித்தவர். சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் மாடிக்கு அழைத்துப்போவார். அங்கே ஓர் அறை முழுவதும் கண்ணாடி அலமாரி. அலமாரி முழுவதும் உள்ளங்கைக்குள் அடங்கும் டப்பாக்கள். ஆமை ஓட்டில் செய்தது, பீங்கானில் செய்தது, தங்கக் கம்பி இழைத்தது. ஒவ்வொன்றின் மூடியிலும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு முகம். யானைத் தந்த வில்லையில் மயிரிழைத் தூரிகையால் புள்ளி புள்ளியாக எழுதிய முகங்கள்.

"அந்தக் காலத்துல படிச்ச மனுஷா ட்ராவல் பண்ணினா எப்படிப் பண்ணுவா தெரியுமோ?" என்று ஆரம்பிப்பார். "வக்கீல், டாக்டர், ப்ரொஃபசர், எல்லாரும் கோச்சு வண்டியில ஆல்ப்ஸைத் தாண்டி ரோம் வரைக்கும் போவா. திரும்பி வர வருஷமாகும். ஃபோட்டோ கிடையாது. அதனால கோட் பாக்கெட்டுல இப்படி ஒரு டப்பா. உள்ள மூக்குப்பொடி, மூடியில ஆத்துக்காரி முகம். ஒவ்வொரு தடவை பொடி போடறப்பவும் அவளைப் பாத்துப்பான். எப்பேர்ப்பட்ட நாகரிகம் பாருங்கோ."

பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். இப்படி ஒரு ரசனையுள்ள கணவன் வாய்த்தவள் என்று மீனாக்ஷியைப் பார்ப்பார்கள். வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, குஞ்சுப் பறவையை எடுப்பதுபோல் ஒவ்வொரு டப்பாவையும் எடுப்பார் பத்மநாபன்.

அவள் அந்த டப்பாக்களைத் தொட்டது ஒரே ஒரு முறை. பஃபலோவில் அவர் ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி பயிற்சி செய்துகொண்டிருந்த நாட்களில், தூசி தட்டும்போது ஒன்று கை நழுவி எனாமல் ஓரம் உதிர்ந்தது. அவர் அவளுடைய வலது கையைப் பிடித்து மேஜை டிராயருக்குள் வைத்து, டிராயரைக் காலால் உதைத்து மூடினார். எமர்ஜென்சி ரூமில், கார் கதவில் நசுங்கிவிட்டது என்று அவள் சொன்னாள். எக்ஸ்ரேயை அவரே படித்தார். ஸ்வர்ணா அப்போது கைக்குழந்தை. ஒரு மாதம் அவளை இடது கையாலேயே தூக்கி வளர்த்தாள்.

அதற்குப் பிறகு டிராயர் தேவைப்படவில்லை. பிறர் கண்ணில் படாத இடங்கள் எவை என்று ஒரு டாக்டருக்குத் தெரியாதா? எப்போதாவது அது தவறி முகத்தில் பட்டால், பாத்ரூமில் வழுக்கியது, ஐஸில் வழுக்கியது. அவள் நாக்கு அந்த வார்த்தைக்குப் பழகிவிட்டது.

போன இலையுதிர் காலத்தில் ஜெனீவாவுக்கு ஒரு கான்ஃபரன்ஸ் போனவர், முகம் இல்லாத ஒரு டப்பாவோடு திரும்பினார். ஆமை ஓடு, ஓரத்தில் தங்கம், மூடியில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழி. யாரோ எப்போதோ பிடுங்கியிருக்கிறார்கள். அதில் மீனாக்ஷியின் முகத்தை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த பயணத்துக்குக் கோட் பாக்கெட்டில் எடுத்துப்போகப் போவதாக நண்பர்களிடமெல்லாம் சொன்னார். டெலவேர் ஆற்றங்கரையில் லாம்பர்ட்வில் என்ற ஊரில் இன்னமும் தந்தத்தில் எழுதுகிற ஒரு வயதான அம்மாள் இருப்பதைக் கண்டுபிடித்தார். மிஸஸ் ஹார்ப்பர்.

குளிர்காலம் பூராவும் மீனாக்ஷியை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு அவர் பழம்பொருள் கடைகளைச் சுற்றப் போவார். மிஸஸ் ஹார்ப்பர் அதிகம் பேசமாட்டாள். பூதக்கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்ப்பாள், பிறகு குனிந்து ஒரு புள்ளி வைப்பாள், மறுபடி பார்ப்பாள். தன்னை யாரும் அப்படி உட்கார்ந்து பார்த்ததாக மீனாக்ஷிக்கு நினைவில்லை. ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. பிறகு அந்த நாளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள்.

கடைசித் தடவை போனபோது கண்ணுக்குக் கீழே ரசத்தில் உப்பு அதிகமான நாளின் அடி இருந்தது. ஆறிக்கொண்டு வந்த அடி, அதனால் பச்சையும் மஞ்சளுமாய். மேலே நன்றாகப் பூசியிருந்தாள். மிஸஸ் ஹார்ப்பர் விளக்கைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். பாத்ரூமில் வழுக்கியதாக மீனாக்ஷி சொன்னாள். அந்த அம்மாள் தலையசைத்துவிட்டுக் குனிந்து எழுதினாள். கிளம்பும்போது மீனாக்ஷிக்குக் கோட்டை மாட்டிவிட்டு, தோளில் கையை வைத்து எடுத்தாள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் பத்மநாபன் போய் டப்பாவை வாங்கிவந்தார். மாடியறையில் உட்கார்ந்து, நகைக்கடைக்காரர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் உருப்பெருக்கியான லூப்பை வைத்துப் பார்த்தார். கீழே மீனாக்ஷி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கூப்பிட்ட குரலைக் கேட்டதும் கத்தியை அப்படியே வைத்துவிட்டு மாடியேறினாள்.

"இங்க வா. உக்காரு. பாரு."

லூப்பை அவள் கண்ணில் வைத்தார். வைக்கவில்லை, அழுத்தினார். எலும்பு விண்ணென்று வலித்தது. வலிக்கு நடுவில் அவள் தன் முகத்தைப் பார்த்தாள். அழகாக இருந்தது. கழுத்துச் சங்கிலியின் கண்ணிகூடத் தெரிந்தது. இடது கண்ணுக்குக் கீழே, தோல் நிறத்துக்கு அடியிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல், ஒரு பிறை. பச்சை கலந்த மஞ்சள். வெறும் கண்ணுக்கு நிழல் என்று தோன்றும். லூப்பில் அது என்னவென்று குழந்தைக்கும் தெரியும்.

"என்னடி சொன்ன அவகிட்ட?"

"ஒண்ணும் சொல்லலை. வழுக்கிட்டேன்னுதான்..."

"ஒண்ணும் சொல்லாம இவளுக்கு எப்படித் தெரிஞ்சுது? இதை நான் யார்ட்ட காமிக்கறது? ஊர் ஊரா பாக்கெட்டுல வெச்சுண்டு போகணுமா இதை?"

லூப்போடு சேர்த்து அவள் தலையை மேஜையில் மோதினார். அவள் எழுந்து ஓடினாள். மாடி வராந்தாவில், படி கீழே இறங்கும் இடத்தில், பின்னல் அவர் கையில் சிக்கியது. ஒரு கையில் பின்னல், இன்னொரு கையில் மூடிய முஷ்டிக்குள் டப்பா. அந்த முஷ்டியாலேயே கழுத்தில் குத்தினார். ஆமை ஓட்டின் ஓரம் அவள் தொண்டையில் இறங்கியது. மூச்சு போய், சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து மூடினாள். கால் படியின் விளிம்புக்கு வந்துவிட்டது.

இந்த மாதிரி நேரங்களில் ஸ்வர்ணாவின் அறையிலிருந்து ரேடியோவின் சத்தம் கூடும். அவளுக்குப் பதினேழு வயது. ரேடியோவைத் தவிர வேறு வழி அவளுக்கும் தெரிந்ததில்லை. அன்றைக்கு ரேடியோ நின்றது. கதவு திறந்தது. அவள் கத்தவில்லை. இருவருக்கும் நடுவில் வந்து, அப்பாவின் சட்டையை மார்பில் பற்றி, அம்மாவிடமிருந்து பிய்த்து எடுத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் தள்ளினாள்.

பின்னல் அவர் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. கைப்பிடியைப் பிடிக்க முஷ்டியைத் திறந்திருக்கலாம். அவர் திறக்கவில்லை. கீழே டைல்ஸில் தலை பட்ட சத்தம், சமையலறையில் தேங்காய் உடைத்தது போலிருந்தது.

911-ஐக் கூப்பிட்டது மீனாக்ஷிதான். வந்த போலீஸ்காரனிடம் அவள் குரல் தானாகவே சொன்னது: வழுக்கி விழுந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் முஷ்டியைப் பிரிக்க முடியாமல் அப்படியே கொண்டுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உயிர் போனது. நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தாள். வாட்ச், மோதிரம், வெட்டப்பட்ட பூணூல், டப்பா.

ஜலஜா மாலையை மார்பின் மேல் வைத்துச் சரி செய்தாள். மீனாக்ஷி கடைசியாகத் தோல் நிறத்தை ஒற்றிவிட்டு நிமிர்ந்தாள். நீலம் சுத்தமாக மறைந்துவிட்டது. தூங்குகிறவர் மாதிரி இருந்தார். ஃப்யூனரல் ஹோம்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, மிக நன்றாக வந்திருக்கிறது என்றார்.

"மன்னி, ஒரு நிமிஷம் வாங்கோ."

வாஞ்சிநாதன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். பத்மநாபனின் தம்பி, குபெர்டினோவில் கம்ப்யூட்டர் இன்ஜினியர். ஃப்ளைட்டிலிருந்து நேரே வந்து, பஞ்சகச்சத்தின் மேல் குளிர் கோட்டைப் போட்டிருந்தான். பிள்ளை இல்லாத அண்ணாவுக்கு அவன்தான் காரியம் செய்ய வேண்டும்.

கோட்டுகள் மாட்டும் சின்ன அறைக்கு அவளை அழைத்துப்போனான். ஸ்வர்ணா அங்கே ஏற்கெனவே இருந்தாள். கோட்டுகளுக்கு நடுவில், சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் ஸ்வெட்டர் கைகளுக்குள் இழுத்துக்கொண்டு நின்றாள்.

"வெளியில பார்க்கிங் லாட்ல ஒரு டிடெக்டிவ் நிக்கறான். எங்கிட்ட வந்து, உங்க அண்ணாவுக்கு பேலன்ஸ் ப்ராப்ளம் ஏதாவது உண்டான்னு கேக்கறான். சட்டையில பட்டன் பிஞ்சிருக்காம். மார்ல நகம் கீறியிருக்காம். சர்வீஸ் முடிஞ்சதும் குழந்தையோட பேசணும்கறான். அண்ணா கீழ விழற ஆள் இல்ல மன்னி. என்ன நடந்தது?"

"வழுக்கிட்டார்."

"அம்மா, ஸ்டாப்," என்றாள் ஸ்வர்ணா. அவள் குரல் உயரவில்லை. "யூ ஆல்வேஸ் ஸே தட். பாத்ரூம்ல வழுக்கிட்டேன், ஐஸ்ல வழுக்கிட்டேன். நௌ ஹீ ஸ்லிப்ட்?"

"நீ சும்மா இரு."

"ஐ புஷ்ட் ஹிம், சித்தப்பா."

வாஞ்சிநாதனுக்கு அது உடனே புரியவில்லை. புரிந்ததும் கை தானாக எழுந்தது. அறைந்த வேகத்தில் ஸ்வர்ணாவின் தலை சுவரில் பட்டது. மறுபடி ஓங்கினான்.

அந்தக் கை இறங்கவில்லை. மீனாக்ஷி அதை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். அவன் உதறினான். அவள் விடாமல் முழு உடம்பையும் கொடுத்து அவனைத் தள்ளினாள். கோட்டு ஸ்டாண்ட் சாய்ந்து, ஹாங்கர்கள் சடசடவென்று கொட்டின. அவன் கோட்டுகளின் மேல் உட்கார்ந்த மாதிரி விழுந்தான். இந்த மன்னியை அவன் இருபது வருஷமாகப் பார்க்கிறான். காப்பி வேண்டுமா என்பதற்கு மேல் சத்தமாகப் பேசி அவன் கேட்டதில்லை.

அவள் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து அவன் மடியில் போட்டாள். லூப்பையும் போட்டாள்.

"பாருங்கோ வாஞ்சி."

"என்ன இது?"

"உங்க அண்ணா ஆசையா எழுதச் சொன்ன என் முகம். பாருங்கோ."

ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி அவன் பார்த்தான். முதலில் ஒன்றும் பிடிபடாமல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தவன், ஓரிடத்தில் வந்து நின்றான். அதற்குப் பிறகு லூப்பைக் கண்ணிலிருந்து எடுக்க அவனுக்கு நேரமாயிற்று. மீனாக்ஷி ஸ்வெட்டரின் கழுத்தைக் கீழே இழுத்துக் காட்டினாள். டப்பாவின் ஓரம் பதிந்த இடம் கறுத்து, வளைவாக இருந்தது. அவன் டப்பாவைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான். பிறகு இரண்டையும் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

"அண்ணாவுக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி," என்றான். "அப்பாவுக்கும் அப்படித்தான். அம்மா ஒரு நாள்கூட வெளியில..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

வெளியே யாரோ சுலோகம் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். வாஞ்சிநாதன் எழுந்து ஸ்டாண்டை நிமிர்த்தி, கோட்டுகளை ஒவ்வொன்றாக மாட்டினான்.

"நடந்தது நடந்துபோச்சு மன்னி. வழுக்கி விழுந்தார். சின்ன வயசுலேர்ந்தே படியில அண்ணாவுக்கு நிதானம் கிடையாது, நானும் அதையே சொல்றேன். பட்டன் எப்படிப் போச்சுன்னா, அவர் விழறப்போ ஸ்வர்ணா பிடிக்கப் பாத்தா, பிஞ்சுடுத்து. அவ்ளோதான். இந்த ஊர்ல இதையெல்லாம் கோர்ட்டுக்குக் கொண்டுபோயிட்டா குழந்தையோட லைஃபே போயிடும். காலேஜ், கல்யாணம் ஒண்ணும் இருக்காது. யோசிச்சுப் பாருங்கோ."

அவன் சொன்னதில் தப்பொன்றும் இல்லை என்றுதான் மீனாக்ஷிக்குத் தோன்றியது. அவனும் இப்போது அண்ணாவுக்காகப் பேசவில்லை. இன்னும் ஒரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னால் போதும். வாழ்நாளெல்லாம் தனக்காகச் சொன்னதைப் பெண்ணுக்காகச் சொல்வது என்ன கஷ்டம்? ஸ்வர்ணாவைப் பார்த்து, "சித்தப்பா சொல்றதைக் கேளு," என்றாள்.

ஸ்வர்ணா ஸ்வெட்டர் கைகளை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள்.

கதவு திறந்து ஜலஜா எட்டிப் பார்த்தாள். சாஸ்திரிகள் கூப்பிடுகிறார் என்று வாஞ்சிநாதனிடம் சொன்னவள், ஸ்வர்ணாவைப் பார்த்து நின்றாள். கன்னத்தில் விரல்கள் சிவப்பாக எழும்பியிருந்தன.

"என்னடா கண்ணா கன்னத்துல?"

ஸ்வர்ணா தலைமுடியை முன்னால் இழுத்துக் கன்னத்தை மறைத்துக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு விநாடிகூடத் தயங்காமல், ஜலஜாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. ஐ ஸ்லிப்ட்."

மீனாக்ஷி மகளின் முகத்தையே பார்த்தாள். அந்தச் சிரிப்பு தன்னுடையது. உதட்டை மட்டும் விரித்து, கண்ணை நகர்த்தாமல் சிரிக்கும் அந்தச் சிரிப்பைக் கண்ணாடியில் அவள் எத்தனையோ காலையில் பழகியிருக்கிறாள்.

வாஞ்சிநாதனின் கையிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டாள். ஸ்வர்ணாவின் ஸ்வெட்டர் கையைப் பிடித்தாள்.

"வா."

"மன்னி, எங்க போறேள்? காரியம் ஆரம்பிக்கணும்."

"நீங்க ஆரம்பியுங்கோ."

பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு பார்க்கிங் லாட்டுக்குப் போனார்கள். மார்ச் மாதத்து அழுக்குப் பனி ஓரங்களில் குவிந்து கிடந்தது. மீனாக்ஷி செருப்போடு வந்துவிட்டாள். டிடெக்டிவ் மொராண்டி காரில் உட்கார்ந்து காகிதக் கப்பில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வயசானவர், நரைத்த மீசை. அவர்களைப் பார்த்ததும் இறங்கி, குளிரில் நிற்க வேண்டாம் என்று பின் கதவைத் திறந்துவிட்டார்.

அவர் ஸ்வர்ணாவைத்தான் பார்த்தார். ஸ்வர்ணா மூச்சை இழுத்தாள். அவள் ஆரம்பிக்கும் முன் மீனாக்ஷி பேசினாள்.

"என் கணவர் வழுக்கி விழவில்லை," என்றாள். "நானும் எப்போதும் வழுக்கி விழுந்ததில்லை."

பஃபலோவில் டிராயரிலிருந்து ஆரம்பித்தாள். ஆங்கிலம் தடுமாறியது, சில இடங்களில் வார்த்தை கிடைக்காமல் தமிழில் சொன்னாள். ஸ்வர்ணா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அம்மாவின் அடிகளை மகள் மொழிபெயர்த்தாள். சில ஆஸ்பத்திரிகளின் பெயர் அம்மாவுக்கு ஞாபகமில்லாதபோது அவளே எடுத்துக்கொடுத்தாள். அவளுக்கு இவ்வளவு தெரியும் என்று மீனாக்ஷிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பேச்சு சனிக்கிழமைக்கு வந்தபோது மொராண்டி கையை உயர்த்தி நிறுத்தினார்.

மேற்கொண்டு சொல்வதற்கு முன் ஒரு வக்கீலைப் பார்க்கும்படி சொன்னார். முதலில் உள்ளே போய் நடக்க வேண்டியதை நடத்துங்கள், நாளைக்கு வக்கீலோடு ஆபீஸுக்கு வாருங்கள் என்றார். மீனாக்ஷி டப்பாவை நீட்டினாள். அவர் மூடியைப் பார்த்தார். லூப்பில் பார்த்தார். அடுத்து அவள் கழுத்தைப் பார்த்தார். அதை ஒரு உறையில் போட்டுக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தக் கேஸ் கோடை முடிவதற்குள் முடிந்துவிட்டது. பெண் தாயைக் காப்பாற்றத்தான் தள்ளினாள் என்று எழுதி, குற்றம் எதுவும் சாட்டாமல் மூடினார்கள். மிஸஸ் ஹார்ப்பர் வந்து, தான் பார்த்ததை எழுதியதாகச் சாட்சி சொன்னாள். வெளியே வரும்போது மீனாக்ஷியின் கையைப் பிடிக்க வந்தாள். மீனாக்ஷி கொடுக்கவில்லை. நீ ஒரு புள்ளி வைத்துவிட்டு உன் வீட்டுக்குப் போனாய், நான் அதோடு என் வீட்டுக்குப் போனேன் என்று அவளிடம் சொல்ல நினைத்து, சொல்லாமல் நடந்துவிட்டாள். பாதிப் பேர் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஜலஜா நிறுத்தவில்லை. ஆனால் அதெல்லாம் பிற்பாடு.

அன்றைக்கு அவர்கள் திரும்பி உள்ளே போனபோது வாஞ்சிநாதன் பெட்டியின் தலைமாட்டில் தர்ப்பையோடு நின்றான். என்ன செய்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று அவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். மந்திரத்தைத் தப்பாகச் சொல்லி, சாஸ்திரிகள் திருத்த, மறுபடி சொன்னான். வாய்க்கரிசி போட மீனாக்ஷியைக் கூப்பிட்டார்கள். போட்டாள். அவள் பூசிய முகம் கடைசிவரை கலையாமல் இருந்தது.

எரியூட்டும் இடம் ஒரு மணி தூரத்தில் இருந்தது. கட்டைச் சிதை இல்லை, சுவரில் ஒரு பச்சைப் பொத்தான். பெட்டி உள்ளே போனதும், குடும்பத்தில் யாராவது அழுத்த வேண்டும் என்று ஊழியர் சொன்னார். வாஞ்சிநாதன் முன்னால் போய், ஆள்காட்டி விரலை வைத்துவிட்டு அழுத்தாமல் நின்றான். யாரும் அவசரப்படுத்தவில்லை. அவன் தோள் குலுங்கியது. பிறகு அழுத்தினான். ஸ்வர்ணாவின் கைகள் ஸ்வெட்டருக்குள்ளேயே இருந்தன.

வெளியே வந்ததும் வாஞ்சிநாதன் ஜலஜா வீட்டுக் காரில் ஏறிக்கொண்டான். ஏறும் முன் திரும்பி, "ஜாக்கிரதையா டிரைவ் பண்ணச் சொல்லுங்கோ," என்றான். ஸ்வர்ணாவின் பெயரைச் சொல்லவில்லை.

பத்மநாபன் மீனாக்ஷியைக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள விட்டதில்லை. ஸ்வர்ணா லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பெரிய கார். ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பார்க்வேயில் வலது ஓரமாகவே ஓட்டினாள். டோல் வந்தது. ஆள் இல்லாத வரிசை. கண்ணாடியை இறக்கி, கால் டாலர் நாணயத்தை, காசு போடுவதற்கென்று வைத்திருந்த பிளாஸ்டிக் கூடையை நோக்கி எறிந்தாள். நாணயம் கூடையின் விளிம்பில் பட்டுத் தெறித்துக் கீழே விழுந்தது.

சிவப்பு விளக்கு மாறவில்லை. பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஸ்வர்ணா கைகளை ஸ்டியரிங்கில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வேற காசு இருக்கா?"

"நோ."

மீனாக்ஷி கதவைத் திறந்து இறங்கினாள். காரின் முன்பக்கமாகச் சுற்றிப் போய், கூடைக்கு அடியில் மண்டியிட்டாள். கறுப்புச் சேறும் உருகிய பனியும். புடவை நனைந்தது. ஹார்ன்கள் விடாமல் அலறின. எவனோ தலையை வெளியே நீட்டிக் கெட்ட வார்த்தையில் கத்தினான். அவள் அவசரப்படவில்லை. சேற்றுக்குள் விரலை விட்டுத் துழாவினாள். சிகரெட் துண்டு, ஒரு பட்டன், பிறகு நாணயம். புடவைத் தலைப்பில் துடைத்து, கூடைக்குள் போட்டாள். அது சுற்றிச் சுற்றி உள்ளே இறங்கும் சத்தம் கேட்டது. பச்சை விளக்கு எரிந்தது. அதற்குக் கீழே 'தேங்க் யூ' என்று எழுத்துகள் மின்னின.

உள்ளே வந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். முழங்காலிலிருந்து பாதம் வரை தண்ணீர் சொட்டியது.

ஸ்வர்ணா பார்த்தாள். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, ஹீட்டரை அம்மாவின் கால் பக்கம் திருப்பிவிட்டு, காரை மெதுவாக நகர்த்தினாள்.